உப்புக்கும் படைக்கும் கணக்குக் கேட்ட கோகலே

பெர்குசன் கல்லூரிச் சாலையை மிதிக்காத நம்மவர் புனேயில் அபூர்வம். சிவாஜி நகரில் ரயில் பிடிக்கப் போகிறவரும், டெக்கான் ஜிம்கானாவில் கடை கண்ணிக்குப் போகிறவரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். அந்தச் சாலைக்கு இன்னொரு பெயர் உண்டு. நாம்தார் கோபால கிருஷ்ண கோகலே சாலை என்பது அதன் முறையான பெயர். பேச்சு வழக்கில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆட்டோக்காரரிடம் சொன்னால் அவரும் ஒரு கணம் விழிப்பார்.

காந்தியடிகளின் அரசியல் குரு, மிதவாதிகளின் தலைவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு கோகலேயைப் பற்றிய நமது அறிவு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால் சம்பளக்காரக் குமாஸ்தாவின் வருமான வரிக்காகவும், ஏழை வீட்டு உப்புக்காகவும், கடல் கடந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழ்க் கூலிகளின் தலைவரிக்காகவும் வாதாடியவர் அவர். அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் சர்க்காரின் சொந்தக் கணக்குப் புத்தகம். பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வந்து, நாள் முழுவதும் கணக்கோடும் ரசீதோடும் மல்லாடுகிற நமக்கு அவருடைய வரலாறு மிகவும் நெருக்கமானது.

பஞ்சத்தில் வளர்ந்த பிள்ளை

1866-ம் ஆண்டு மே 9-ந் தேதி, ரத்னகிரி மாவட்டத்தில் கோட்லுக் என்ற சிறு கிராமத்தில் கோகலே பிறந்தார். தந்தை கிருஷ்ணராவ், கோலாப்பூரை அடுத்த காகல் என்ற சிறு சமஸ்தானத்தில் சாதாரண உத்தியோகஸ்தர். வீட்டில் பெரிய சொத்து எதுவும் கிடையாது.

பேஷ்வாக்களின் ஆட்சி 1818-ல் முடிந்திருந்தது. 1857-ம் ஆண்டுப் போரை அடக்க ஆன செலவும் இந்தியாவின் கடனாகவே எழுதப்பட்டது. அந்தக் கடனுக்கு வட்டி கட்டியவர்கள் இந்த நாட்டு உழவர்கள். 1875-ல் பூனா, அகமத்நகர் மாவட்டங்களில் உழவர்கள் லேவாதேவிக்காரர் வீடுகளில் புகுந்து கடன் பத்திரங்களைப் பறித்துக் கொளுத்தினார்கள். அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. நம் பக்கத்துப் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிச் சொல்லி அழுத அதே பஞ்சம்தான் இது. சென்னை ராஜதானியையும் தக்காணத்தையும் மைசூரையும் ஒன்றாக வாட்டி, 1878 வரை நீடித்து, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. அப்போது கோகலேக்குப் பத்து வயது.

பஞ்சத்துக்குப் பிறகு சர்க்கார், இனி வரும் பஞ்சங்களுக்குச் சேமிப்பு என்று சொல்லிப் புதிய வரிகளைப் போட்டது. மறு ஆண்டே ஆப்கானியப் போர் வந்தது. பஞ்ச நிதிக்கென்று வசூலித்த பணம் போருக்குப் போய்விட்டது என்று நாடெங்கும் பேச்சு எழுந்தது. பஞ்சம், வரி, போர் என்ற இந்த மூன்றுக்கும் உள்ள முடிச்சை அவிழ்த்துக் காட்டுவதே பிற்காலத்தில் கோகலேயின் வாழ்நாள் வேலை ஆயிற்று.

1879-ல் தந்தை இறந்தார். மூத்தவர் கோவிந்தராவ் படிப்பை நிறுத்திவிட்டு, மாதம் 15 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குப் போனார். அதில் 8 ரூபாயைக் கோலாப்பூரில் படித்த தம்பிக்கு அனுப்பிவிட்டு, மிச்சம் 7 ரூபாயில் குடும்பத்தை நடத்தினார். மணியார்டர் அனுப்பிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். தம்பி தானே சமைத்துச் சாப்பிட்டார். விளக்கெண்ணெய்க் காசை மிச்சம் பிடிக்கத் தெருவிளக்கின் கீழே படித்தார். 1884-ல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. தேறியபோது அவருக்கு வயது 18.

பட்டதாரிகளைக் கலெக்டர் ஆபீஸுகள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணனின் கடனைத் தீர்க்க வேண்டுமானால் சர்க்கார் உத்தியோகமே வழி. ஆனால் கோகலே பூனாவுக்கு வந்து, திலகரும் அகர்க்கரும் நடத்திவந்த நியூ இங்கிலீஷ் பள்ளியில் 35 ரூபாய் சம்பளத்துக்கு ஆசிரியரானார். 1886-ல் டெக்கான் கல்விச் சங்கத்தில் ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்தார். குறைந்த ஊதியத்தில் இருபது ஆண்டுகள் உழைப்பதாக ஒப்புக்கொள்வதே அதன் நிபந்தனை. அவர் எழுதிய கணக்குப் பாடப் புத்தகம் பல பள்ளிகளில் ஓடிற்று. வீட்டுச் செலவுக்குக் கைகொடுத்ததும் அந்தப் புத்தகத்தின் வருமானம்தான்.

கணக்கு வாத்தியாரின் குரு

அக்காலப் பூனாவில் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயின் வீடு ஒரு தனிப் பல்கலைக்கழகம் போல் இருந்தது. சார்வஜனிக் சபா என்ற பொதுமக்கள் சங்கத்துக்கு அவரே மூளை. அங்கே சேர்ந்த கோகலேயை அவர் மேடைப் பேச்சுக்குப் பழக்கவில்லை. சர்க்கார் அச்சிடும் வருஷாந்தர அறிக்கைகள், வரி வசூல் பட்டியல்கள், இறக்குமதி ஏற்றுமதிக் கணக்குகள் எல்லாவற்றையும் முன்னால் குவித்துப் படிக்கச் சொன்னார். ஒரு மனு எழுத வேண்டுமானால் அதைப் பலமுறை திருத்தி எழுத வைத்தார். புள்ளி விவரம் ஒன்று பிசகினாலும் விடமாட்டார். ஆண்டுக்கணக்கில் இந்தப் பயிற்சி நடந்தது.

1897-ல் அதற்குப் பலன் கிடைத்தது. இந்தியாவின் செலவுகளைப் பற்றி விசாரிக்க லண்டனில் வெல்பி கமிஷன் என்ற ராயல் கமிஷன் உட்கார்ந்திருந்தது. பம்பாயிலிருந்து தின்ஷா வாச்சா, கல்கத்தாவிலிருந்து சுரேந்திரநாத் பானர்ஜி, சென்னையிலிருந்து சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர், பூனாவிலிருந்து கோகலே என்று நான்கு பேர் சாட்சி சொல்லப் போனார்கள். கோகலேக்கு அப்போது முப்பது வயதுதான். குறுக்கு விசாரணை செய்த அதிகாரிகள் அவரை மடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அவர் காட்டிய கணக்குகள் எல்லாம் அவர்கள் சொந்த இலாகாவில் அச்சானவை.

ஆனால் அந்த வெற்றியைக் கொண்டாட அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1896-ன் கடைசியில் பம்பாயிலிருந்து பிளேக் நோய் பூனாவுக்குள் நுழைந்தது. கூடவே பஞ்சமும் வந்தது. நோயை ஒழிக்க ராண்ட் என்ற அதிகாரியின் தலைமையில் கமிட்டி போட்டு, வீடு வீடாகச் சோதனை போடச் சிப்பாய்களை அனுப்பினார்கள். பூஜையறை, சமையலறை என்று பாராமல் உள்ளே நுழைந்தார்கள். சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். பெண்களையும் முரட்டுத்தனமாகச் சோதித்தார்கள். 1897 ஜூன் 22-ந் தேதி, விக்டோரியா ராணியின் வைரவிழா இரவில், கணேஷ்கிண்ட் சாலையில் சாபேகர் சகோதரர்கள் ராண்டையும் அவருடன் சென்ற அயர்ஸ்ட் என்ற அதிகாரியையும் சுட்டார்கள். திலகர் மீது ராஜத்துரோக வழக்குப் பாய்ந்தது. பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள்.

லண்டனில் இருந்த கோகலேக்குப் பூனா நண்பர்கள் கடிதம் எழுதினார்கள். இரண்டு பெண்களைச் சிப்பாய்கள் கெடுத்துவிட்டதாகவும், அவர்களில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதாகவும் அதில் இருந்தது. கோகலே அதை அங்கே ஒரு பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். பார்லிமெண்டில் பெரும் கூச்சல். ஊர் திரும்பியதும் ஆதாரம் தேடினார். கடிதம் எழுதியவர்கள் தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பெயர்களைச் சொன்னால் அவர்களுக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் குற்றச்சாட்டு நிற்காது. ஆகஸ்டு மாதத்தில் நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார்.

ஊரே அவரைத் தூற்றிற்று. திலகர் சிறையில் கிடக்க, இவர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார் என்று ஏசினார்கள். அந்த ஆண்டு அமராவதி காங்கிரஸில் அவருக்கு எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. நிரூபிக்க முடியாததைத் திரும்பப் பெறுவது நேர்மை என்பது அவர் கட்சி. சிப்பாய்களின் அட்டூழியம் பொய்யில்லையே, அதற்கு எதற்கு மன்னிப்பு என்பது ஊரார் கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கோகலே வாதாடிக்கொண்டிருக்கவில்லை. பிளேக் மீண்டும் தலைகாட்டியபோது தொண்டராகப் போய், நோயாளிகள் இருந்த வீடுகளிலும் முகாம்களிலும் வேலை செய்தார்.

ஏழு கோடி உபரி

1901-ல் ரானடே காலமானார். அந்த ஆண்டே சர் பெரோஸ்ஷா மேத்தா விலகிய இடத்துக்கு, வைசிராயின் சட்டசபைக்குக் கோகலே தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றைய சட்டசபை இன்றைய நாடாளுமன்றம் போன்றதல்ல. பட்ஜெட்டைப் பற்றி ஆண்டுக்கு ஒரு நாள் பேசலாம். ஓட்டெடுப்புக் கேட்க முடியாது. தலைமை நாற்காலியில் கர்சான் பிரபு. சுற்றிலும் சர்க்கார் அதிகாரிகள். இந்த நிலையில் 1902 மார்ச் 26-ந் தேதி கோகலே தமது முதல் பட்ஜெட் பேச்சைப் பேசினார்.

அந்த ஆண்டுக் கணக்கில் ஏழு கோடி ரூபாய் அளவுக்கு உபரி காட்டியிருந்தார்கள். நிதி நிர்வாகம் சீராக இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று என்று சர்க்கார் பக்கம் மகிழ்ச்சி. கோகலே அந்த உபரியைப் பிடித்துக்கொண்டார். நாட்டில் 1896-97-ல் ஒரு பஞ்சம், 1899-1900-ல் அதைவிடக் கொடிய பஞ்சம். ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் கஜானா நிரம்பியது என்றால், தேவைக்கு மேல் வரி பிடுங்கியிருக்கிறார்கள் என்பதுதான் பொருள் என்று நிறுவினார்.

எப்படி நிரம்பியது என்பதையும் காட்டினார். இதைச் சற்று விளக்க வேண்டும். சர்க்கார் ஆண்டுதோறும் லண்டனுக்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம் பவுன் தங்கக் கணக்கில் அனுப்ப வேண்டியிருந்தது. கடனுக்கு வட்டி, வெள்ளைக்கார அதிகாரிகளின் பென்ஷன், ராணுவச் செலவு எல்லாம் அதில் சேரும். வெள்ளி விலை சரிந்ததால் ரூபாயின் மதிப்பும் சரிந்தது. ஒரு பவுனுக்குக் கொடுக்க வேண்டிய ரூபாய் கூடிக்கொண்டே போயிற்று. அதை ஈடுகட்ட வரிகளை உயர்த்தினார்கள். 1893-ல் நாணயச் சாலைகளில் தனியாருக்கு வெள்ளி நாணயம் அடிப்பதை நிறுத்தி, ரூபாயைச் செயற்கையாக உயர்த்தி, ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ் என்ற விலையில் நிறுத்தினார்கள். ஒரு பவுனுக்குப் பதினைந்து ரூபாய். சர்க்காரின் நஷ்டம் நின்றது. ஆனால் நஷ்டத்துக்காக ஏற்றிய வரிகளை மட்டும் இறக்கவில்லை. உபரியின் ரகசியம் இதுவே.

நாட்டுப்புறத்து ஏழைக்கு இதில் இரட்டை அடி. நம் பெண்களைப் போலவே இந்தப் பக்கத்துக் குடியானவப் பெண்களுக்கும் அக்காலத்தில் சேமிப்பு என்றால் கையிலும் காலிலும் கிடந்த வெள்ளி நகைகள். பஞ்ச காலத்தில் அதைக் கழற்றி விற்கப் போனபோது, நாணயம் அடிக்க வழியில்லாத வெள்ளிக்குப் பாதி விலைகூடச் சில சமயம் தேறவில்லை. கோகலே இதையும் எடுத்துக் காட்டினார்.

அடுத்தது உப்பு. மணங்கு ஒன்றுக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, இரண்டரை ரூபாய் வரி. கிலோவுக்கு ஓர் அணாவுக்கும் சற்று மேலே வருகிறது. நாள் முழுதும் உழைத்தால் இரண்டு மூன்று அணா கூலி கிடைத்த காலம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம்மூர்ப் பழமொழி. ஏழை வீட்டில் பண்டத்துக்கும் வழியில்லை, உப்புக்கும் வழியில்லை. வரி ஏற ஏற ஜனங்கள் உப்பு வாங்குவதைக் குறைக்கிறார்கள் என்று சர்க்காரின் விற்பனைக் கணக்கை வைத்தே காட்டி, வரியைக் குறைக்கச் சொன்னார். வருமான வரி விலக்கு வரம்பை 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தவும் கேட்டார்.

உபரி போக வேறெங்கே பணம் போகிறது? படைக்குத்தான். நிகர வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ராணுவம் விழுங்கியது. 1885-ல் ருஷ்யா வருகிறது என்ற பயத்தில் முப்பதாயிரம் பேரைப் படையில் கூட்டினார்கள். பயம் போன பிறகும் படை குறையவில்லை. போயர் யுத்தம் மூண்டபோது இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கும், அதை அடுத்து சீனாவுக்கும் துருப்புகளை அனுப்பினார்கள். இங்கே ஒரு குறையும் நேரவில்லை. அவ்வளவு பேரை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க முடிகிறதென்றால், அந்த அளவுக்கு மிகைப் படைக்கு இந்திய உழவன் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று கோகலே வாதாடினார். சாம்ராஜ்யத்துக்குப் பயன்படும் படைக்குச் சாம்ராஜ்யமே செலவு செய்யட்டும் என்றார்.

கிர்க்கியிலும் தேஹு ரோட்டிலும் வெடிமருந்துத் தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் வேலை செய்து தலைமுறைகளைக் கடந்த தமிழ்க் குடும்பங்கள் புனேயில் உண்டு. பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்தில் பேரேட்டோடு முடி நரைத்தவர்களும் உண்டு. ராணுவச் செலவு என்ற தலைப்பைப் பார்த்துப் பழகிய அவர்கள், அதை முதன்முதலில் சட்டசபையில் பிரித்துப் போட்டுக் கேள்வி கேட்டவர்களில் முதல்வரிசைக்காரர் அதே ஊர் வாத்தியார் என்பதை அறிந்துகொள்ளலாம்.

கேட்டது கிடைத்ததா? 1903-ல் உப்பு வரி இரண்டு ரூபாயாயிற்று. 1905-ல் ஒன்றரை ரூபாய். 1907-ல் ஒரு ரூபாய். வருமான வரி வரம்பும் 1903-ல் ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. ஓட்டுரிமை இல்லாத சபையில் பேச்சினால் மட்டும் பெற்றவை இவை. படைச் செலவு குறையவில்லை.

1905 ஜூன் 12-ந் தேதி பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். படித்த இளைஞர்கள் சொற்ப ஊதியத்தில் வாழ்நாள் முழுவதையும் நாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது நோக்கம். அந்த ஆண்டே வங்காளத்தைக் கர்சான் பிரபு இரண்டாகப் பிரித்தார், நாடு கொதித்தது. காசியில் கூடிய காங்கிரஸுக்குக் கோகலே தலைமை வகித்தார். 1907-ல் சூரத்தில் காங்கிரஸ் உடைந்தது. மறு ஆண்டு திலகர் மாண்டலே சிறைக்குப் போனார். பூனாத் தெருக்களில் கோகலேக்கு ஆதரவு குறைந்துகொண்டே வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மனுவையும் வாதத்தையும் நம்பியவர் அவர். கூட்டத்தைக் கூட்டத் தெரியாதவர். திலகர் விநாயகர் விழாவில் கூட்டிய கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இவர் பேச்சுக்குக் கூடியிராது.

நேட்டால் கூலிகள்

1909-ல் மிண்டோ - மார்லி சீர்திருத்தம் வந்தது. சட்டசபையில் உறுப்பினர்கள் இனித் தீர்மானம் கொண்டுவரலாம். கோகலே அந்தப் புதிய உரிமையை எடுத்த எடுப்பிலேயே பயன்படுத்தினார். 1910 பிப்ரவரி 25-ந் தேதி அவர் கொண்டுவந்த தீர்மானம் நம்மவர்களைப் பற்றியது.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல், 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பாலோர் சென்னை ராஜதானித் தமிழரும் தெலுங்கரும். வட ஆற்காட்டிலிருந்து மட்டும் எத்தனையோ குடும்பங்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். ஒப்பந்தம் முடிந்தபின் சொந்தமாகக் காய்கறி போட்டும் கடை வைத்தும் பிழைக்கலாம் என்று நம்பித்தான் போனார்கள்.

அவர்கள் அங்கேயே தங்குவது வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மீண்டும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் தலைக்கு ஆண்டுக்கு மூன்று பவுன் வரி. 1895-ல் இந்தச் சட்டத்தைப் போட்டார்கள். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். அதாவது முதலாண்டுக் கூலியில் ஆறு மாத உழைப்பு. நம் பணத்தில் 45 ரூபாய். பிறகு 16 வயதான ஆண் பிள்ளைக்கும் 13 வயதான பெண் பிள்ளைக்கும் அதே வரி. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இரண்டு என்று நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன். கட்ட முடியாதவர் மீண்டும் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். அதுதான் வரியின் உள்நோக்கம்.

1894-ல் முதலாளி அடித்துப் பல்லை உடைத்த பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, கையில் தலைப்பாகையுடன் காந்தியின் அலுவலகத்தில் வந்து நின்ற கதையைப் பலர் படித்திருப்பார்கள். 1896-ல் காந்தி இந்தியா வந்து நேட்டால் நிலைமையை விளக்கியபோது, பூனாவில் பெர்குசன் கல்லூரியில் கோகலேயைச் சந்தித்தார். அந்த நட்பு வளர்ந்தது. 1909-ல் ரத்தன் டாட்டா தென்னாப்பிரிக்கப் போராட்டத்துக்கு 25,000 ரூபாய் நன்கொடை கொடுத்தார். மற்ற நன்கொடைகளைத் திரட்டுவதில் கோகலே முன்னின்றார்.

1910 தீர்மானம் நிறைவேறியது. 1911 ஜூலை 1 முதல் நேட்டாலுக்குக் கூலி சேர்ப்பது நின்றது. ஃபிஜிக்கும் மற்ற தீவுகளுக்கும் ஆள் பிடிப்பதையும் ஒழிக்க வேண்டும் என்று 1912 மார்ச்சில் இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தார். சர்க்கார் ஓட்டு அதைத் தோற்கடித்தது. அதே மாதம் அவருடைய இன்னொரு கனவும் உடைந்தது. ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்க 1911-ல் அவர் கொண்டுவந்த மசோதா 13-க்கு 38 என்ற கணக்கில் தோற்றது. நாட்டில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இருந்த காலம். பள்ளிக்கூடத்துக்குப் பணமில்லை என்றார்கள். படைக்கு இருக்கிறதே என்று அவர் பத்து ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்ததற்குத்தான் பதில் வரவில்லை.

நீரிழிவு நோய் உடம்பைத் தின்றுகொண்டிருந்தபோதே, 1912 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். காந்தி கூடவே இருந்து பணிவிடை செய்தார். நகரம் நகரமாகக் கூட்டங்கள். கடைசியில் பிரிட்டோரியாவில் போத்தா, ஸ்மட்ஸ் முதலான மந்திரிகளைச் சந்தித்தார். மூன்று பவுன் வரி ஒரு வருஷத்தில் போய்விடும் என்று அவர்கள் சொன்னதாக மகிழ்ச்சியோடு வெளியே வந்தார். எழுத்துமூலமான உடன்பாடு எதுவும் இல்லை. ஆபீஸில் மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவை நம்பி ஃபைலை நகர்த்திய எந்தக் குமாஸ்தாவுக்கும் அடுத்து என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1913-ல் அப்படி ஒரு வாக்குறுதியே கொடுக்கவில்லை என்று ஸ்மட்ஸ் சொல்லிவிட்டார்.

அந்த அவமானமே நெருப்பாயிற்று. தமிழ்ப் பெண்கள் சிலர் டிரான்ஸ்வாலிலிருந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், தொழிலாளரை வேலையை நிறுத்தச் சொன்னார்கள். 1913 அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. நவம்பர் 6-ந் தேதி 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் காந்தியோடு எல்லை கடந்து நடந்தார்கள். கரும்புத் தோட்டங்களிலும் வேலை நின்றது. சுரங்க முகாம்களையே சிறைகளாக மாற்றினார்கள். சவுக்கடியும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. சிறை சென்று நோயோடு திரும்பிய இளம்பெண் வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தாள்.

இங்கே கோகலே படுக்கையிலிருந்து எழுந்தார். மருத்துவர்கள் தடுத்தும் கேட்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார். அரண்மனைகளிலிருந்தும் குடிசைகளிலிருந்தும் லட்சக்கணக்கில் பணம் வந்தது. ஆண்ட்ரூஸ், பியர்சன் என்ற இரு ஆங்கிலேயரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். வைசிராய் ஹார்டிஞ்ச் பிரபுவே சென்னையில் பேசும்போது சத்தியாக்கிரகிகளுக்குப் பரிந்து பேச நேர்ந்தது. 1914-ன் நடுவில் மூன்று பவுன் வரி ஒழிந்தது.

யுத்தமும் முடிவும்

1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் முதல் உலக யுத்தம் மூண்டபோது கோகலே பாரிஸில் மாட்டிக்கொண்டார். அதே நாட்களில் லண்டனில் வந்திறங்கிய காந்தி அவருக்காகக் காத்திருந்தார். நவம்பரில் கோகலே ஊர் வந்து சேர்ந்தார். 1915 ஜனவரியில் காந்தியும் இந்தியா திரும்பினார். பிப்ரவரியில் பூனாவுக்கு வந்த காந்தியை வரவேற்க ஊழியர் சங்கத்தில் நடந்த விருந்துக்கு நடந்துவந்த கோகலே அங்கேயே மயங்கி விழுந்தார்.

சில நாட்களே இருந்தார். அந்தச் சில நாட்களிலும், பம்பாய் கவர்னர் கேட்டுக்கொண்டபடி, யுத்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு என்ன மாதிரி ஆட்சி வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். மாகாணங்களுக்குத் தன்னாட்சி வேண்டும் என்பது அதன் சாரம். பிப்ரவரி 19-ந் தேதி இரவு காலமானார். வயது 48. வாழ்நாள் முழுதும் எதிர்த்த திலகர், சிம்மகட்டிலிருந்து இறங்கிவந்து சுடுகாட்டில் நின்று அவரைப் புகழ்ந்து பேசினார். சாந்திநிகேதனில் செய்தி கேட்ட காந்தி பூனாவுக்கு விரைந்தார்.

யுத்தம் அவர் அஞ்சியபடியே நடந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து போரிடவும் சுமை தூக்கவும் போனார்கள். 1917-ல் இந்தியாவின் அன்பளிப்பு என்று சொல்லிப் பத்துக் கோடி பவுன் பிரிட்டனுக்குக் கொடுத்தார்கள். விலைவாசி ஏறிற்று. 1916-ல் உப்பு வரியை மீண்டும் உயர்த்தினார்கள். 1923-ல் அது கோகலே 1902-ல் கண்ட அதே இரண்டரை ரூபாயைத் தொட்டு மறு ஆண்டு இறங்கியது. 1930-ல் தண்டியில் காந்தி உப்பள்ளியதும், அதே ஆண்டு வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பள்ளியதும் நமக்குத் தெரிந்த கதை. வரி அடியோடு போனது 1947-ல். ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் சேர்ப்பது 1917-ல் நின்றது. யுத்தத்துக்குத் தேவையான ஆட்களை இங்கேயே சேர்க்க வேண்டியிருந்தது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கோகலேக்குப் பிறகு இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு தமிழர். கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து, 1907-ல் வேலையை விட்டுவிட்டுக் கோகலேயிடம் வந்து சேர்ந்த வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியார். அவரும் வாத்தியார்தான். 1915 முதல் 1927 வரை சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். 1927-ல் இந்திய சர்க்காரின் முதல் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். மூன்று பவுன் வரி கட்ட முடியாமல் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்பியவர்களின் பிள்ளைகள் படிப்பதற்காக அவர் பணம் திரட்டினார். 1929-ல் டர்பனில் அவர் பெயரால் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டது.